வடக்குப் பக்கத்து என்ஜின்

பிச்சைக்கண்ணுவுக்கு இடது வலது கிடையாது. தெரியாது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். சோற்றுக்கை எது, பீச்சாங்கை எது என்று தெரியாத மனுஷன் உண்டா என்று சண்டைக்கு வருவார். ஆனால் அந்தக் கணக்கு கையோடு சரி. மற்ற எல்லாவற்றுக்கும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்ற நாலு மட்டும்தான் அவருக்கு உண்டு. முடிவெட்டும் கடையில் உட்கார்ந்துகொண்டு "மேக்குக் கிருதாவை இன்னும் கொஞ்சம் ஏத்து" என்பார். கல்யாணப் பந்தியில் "தெக்க இருக்கவருக்கு ரசம் விடு" என்பார். முதுகு அரித்தால் மனைவி பொன்செல்வியிடம் "வடகிழக்க, இன்னும் வடகிழக்க, ஆங், அங்கனதான்" என்பார். அவள் விரலும் பிசகாமல் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்.

கீழமடைக்குளத்தில் ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். இவருக்கு ஒரு பிடி கூடுதல், ஏனென்றால் இவர் ஊருக்கு நீர்பாய்ச்சி. குளத்துத் தண்ணீரை முந்நூற்றைம்பது ஏக்கர் வயலுக்கும் முறைவைத்துத் திறந்துவிடுகிற வேலை. வடக்கு வாய்க்காலுக்கு விட வேண்டியதைக் கிழக்கு வாய்க்காலுக்கு விட்டால் அன்றைக்கு ஊரில் மண்டை உடையும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் மாற்றி விட்டதில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், இந்தப் பெருமைக்காரர் சொன்ன சொல்லால்தான் ஒரு பையன், தான் செய்யாத தப்பைச் செய்துவிட்டதாக நம்பிக்கொண்டு ஒரு மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்தான்.

மார்கழி இருபத்துநாலாம் தேதி, காலை எட்டரை மணி. பிச்சைக்கண்ணு குளத்துக் கரையில் மூன்றாம் மடைக்கு மேலே நின்றுகொண்டிருந்தார். அந்தக் கரை கிழக்கு மேற்காக ஓடுகிறது. கரைக்குத் தெற்கே குளம், வடக்கே வயல், வயலுக்கும் அப்பால் ஆறு. மேற்கே நாலு கிலோமீட்டரில் விமான நிலையம். பெரிய விமானம் ஒரு நாளைக்கு நாலைந்துதான். மற்ற நேரத்தில் அங்கே ஒரு தனியார் பயிற்சிப் பள்ளியின் சின்னச் சின்ன விமானங்கள் ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருக்கும். குளத்துக் கொக்குகூட அவற்றுக்குப் பயந்து பறப்பதை விட்டு வெகுநாளாகிவிட்டது. ஆறு மாதமாக அந்தக் கூட்டத்தில் ஒரு இரட்டை என்ஜின் விமானமும் சேர்ந்திருந்தது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு என்ஜின், இரண்டு விசிறி.

அன்றைக்கு மேற்கேயிருந்து ஏறி வந்தது அந்த இரட்டை என்ஜின்தான். முதலில் சத்தம்தான் அவருக்கு உறைத்தது. ஆயில் என்ஜினோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிய காது அது. "ரெண்டுல ஒண்ணு இருமுதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். வடக்குப் பக்கத்து என்ஜினிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை வந்துகொண்டிருந்தது. விமானம் அவர் தலையைத் தாண்டிக் கிழக்கே பனங்காடு வரைக்கும் போனது. அங்கே தெற்கே சாய்ந்து வளைந்து, மறுபடி மேற்கே பார்த்து வந்தது. வந்த இடத்துக்கே திரும்பிவிடப் பார்க்கிறார்கள் என்று புரிந்தது. இப்போது புகை இல்லை. தெற்குப் பக்கத்து விசிறி சுற்றாமல் நின்றிருந்தது. அதன் தகடுகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. மற்றது மட்டும் கதறிக்கொண்டிருந்தது. கதறி என்ன செய்ய, உயரம் வரவில்லை. குளத்துக்கு மேலே வரும்போது பனை உயரம்கூட இல்லை. தெற்கு இறக்கை தாழ்ந்து தண்ணீரைத் தொட்டது. அவ்வளவுதான். குளத்துத் தண்ணீர் மொத்தமும் எழுந்து உட்கார்ந்தது.

வேட்டியை அவிழ்த்து வீசிவிட்டு இறங்கினார். மார்பளவு தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் அளவு சேறு. பெட்ரோல் நெடி மூக்கை அடைத்தது. விமானம் தெற்கே சரிந்து பாதி மூழ்கிக் கிடந்தது, வடக்கு இறக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் தொற்றி ஏறிக் கதவைப் பிய்த்தார். உள்ளே வடக்குப் பக்கம் இருந்த பையனுக்குத் தலையெல்லாம் ரத்தம், மூச்சு இருந்தது. அவனை இழுத்துத் தோளில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு மறுபடி போனார். தெற்குப் பக்கம் இருந்தவன் தண்ணீருக்குள் இருந்தான். இடுப்பு வார் வரவில்லை. அரைஞாணில் செருகியிருந்த பன்னரிவாளால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. எடுத்தபோது மூச்சு மிச்சமில்லை.

பிழைத்தவன் பெயர் ஆதில், மேலப்பாளையத்துப் பையன், அந்தப் பள்ளியில் கற்றுக்கொடுக்கிற விமானி. போனவன் கார்த்திகேசன், வள்ளியூர்ப் பையன், கற்றுக்கொள்ள வந்தவன், இருபத்திரண்டு வயது. இதெல்லாம் பிச்சைக்கண்ணுவுக்குப் பிறகுதான் தெரியும்.

மத்தியானம் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் கேட்க, ஸ்டேஷன் ரைட்டர் ஐயம்பெருமாள் ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை விரித்து எழுதினார். ஐயம்பெருமாள் பாளையங்கோட்டைக்காரர். அவர் கையெழுத்தைப் பார்க்கவே நீதிபதிகள் வழக்கை ஒத்திவைப்பார்கள் என்று ஸ்டேஷனில் ஒரு கேலி உண்டு. அவ்வளவு முத்து முத்தாக எழுதுவார்.

"புகை எந்தப் பக்கம் வந்துச்சு?"

"வடக்க."

"வடக்கன்னா? இடதா வலதா?"

"வடக்கன்னா வடக்குத்தான் ஐயா. அன்னா ஆறு கிடக்குல்லா, அந்தப் பக்கம்."

"ஓய், இதை வாசிக்கப்போற அதிகாரி டெல்லியில இருந்து வாராரு. அவருக்கு உம்ம ஆறு எங்க கிடக்குன்னு தெரியுமா?" என்றார் ஐயம்பெருமாள். பிறகு தாளின் ஓரத்தில் ஒரு விமானம் வரைந்தார். "சரி, விமானம் எங்கிட்டுப் பாத்துப் போச்சு?"

"கிழக்க பாத்துப் போச்சு. பெறவு திரும்பி வந்துச்சு."

ஐயம்பெருமாள் விமானத்துக்குக் கிழக்கே பார்த்து மூக்கு வைத்தார். "அப்ப வடக்குன்னா இடது. புகை வந்தது இடது. நின்ன விசிறி?"

"தெக்க."

"அப்ப அது வலது."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "புகை வந்தது ஒண்ணு, நின்னது வேறயா? நல்லாப் பாத்தீரா?"

பிச்சைக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. திசை விஷயத்தில் அவரைப் பார்த்து ஒருவர் இப்படிக் கேட்பதா? "புகை வடக்க. நின்னது தெக்க. இதுல மாத்தமே கிடையாது. எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்" என்றார்.

ஐயம்பெருமாள் எழுதியதை வாசித்துக் காட்டினார். இடதுபுற என்ஜினில் புகை கண்டதாகவும், விமானம் திரும்பி வருகையில் வலதுபுற என்ஜின் நிறுத்தப்பட்டிருக்கக் கண்டதாகவும் அதில் இருந்தது. பிச்சைக்கண்ணு தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவருடைய நாலு திசையும் அந்த அழகான எழுத்துக்குள் எங்கோ இருக்கிறது என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. 'பழுதான என்ஜினை விட்டுவிட்டு நல்ல என்ஜினை நிறுத்தினாரா விமானி? நேரில் பார்த்தவர் பரபரப்புத் தகவல்.' ஒரு என்ஜின் கெட்டுப்போனால் அதை அணைத்துவிட்டு மற்றொன்றை வைத்து இறங்கிவிடலாம், அதற்காகத்தான் இரண்டு என்ஜின், பதற்றத்தில் விமானி மாற்றி அணைத்திருக்கிறார் என்று விவரமாக எழுதியிருந்தார்கள். ஆதில் மேல் அஜாக்கிரதையால் உயிரிழப்பு ஏற்படுத்தியதாக வழக்கு. டெல்லியிலிருந்து வந்த அதிகாரிகள் என்ஜின்களைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அறிக்கை வர ஒரு வருஷம் ஆகுமாம். ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருக்க டெல்லிக்காரர்களால் முடியும், டீக்கடையால் முடியுமா?

டீக்கடையில் பேசியது வேறு யாருமில்லை, பிச்சைக்கண்ணுதான். குடியரசு தினத்தன்று கலெக்டர் கையால் பாராட்டுப் பத்திரமும் பொன்னாடையும் வாங்கி வந்த பிறகு அவருக்குப் பேச்சு இன்னும் தாராளமாகிவிட்டது. "வடக்கு மடை உடைஞ்சிருக்கு, இந்தப் பய ஓடிப்போயி தெக்கு மடையை அடைச்சிருக்கான். படிச்ச படிப்பு அப்படி" என்று சொல்லி உச்சுக்கொட்டுவார். கேட்பவர்களும் உச்சுக்கொட்டுவார்கள். காப்பாற்றிய பையனையே கரித்துக் கொட்டுகிறோமே என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

மாசி பிறக்க இரண்டு நாள் இருந்தபோது ஒரு ஆட்டோ கரையோரமாக வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவரும், கறுப்பு புர்கா அணிந்த இளம்பெண் ஒருத்தியும் இறங்கினார்கள். பெரியவர் கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப்பழம்.

"நான் காஜா முகைதீன். ஆதிலுக்கு வாப்பா. இது எம் மருமக முஃபீதா" என்றார் அவர். பிச்சைக்கண்ணுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அல்லாஹ் உங்களை நல்லா வைப்பான் அண்ணாச்சி. எம் பிள்ளையைத் தூக்கிக் குடுத்தீங்க. ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்ததால வர முடியல. குறையா நினைச்சுக்கிடாதீங்க."

பிச்சைக்கண்ணுவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. காலையில்தான் டீக்கடையில் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு ரவுண்டு பேசிவிட்டு வந்திருந்தார். "இருக்கட்டும், இருக்கட்டும். பையன் எப்படி இருக்கான்?" என்றார்.

முஃபீதாதான் பதில் சொன்னாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. அழாமல் பேச வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு வந்தவள் என்பது குரலிலேயே தெரிந்தது. "கால் சேந்துரும்னு சொல்லுதாக. தலையில பட்ட அடிதான் அண்ணாச்சி. புகை வந்தது வரைக்கும் அவுகளுக்கு ஞாபகம் இருக்கு. அதுக்குப் பெறவு ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதுதான். நடுவுல என்ன செஞ்சோம்னு ஒண்ணுமே இல்ல. பேப்பர்ல போட்டதை வாசிச்சிட்டு, நான்தான் மாத்தி அணைச்சிருக்கேன், நான்தான் அந்தப் பிள்ளையைக் கொன்னுட்டேன்னு சுவத்தைப் பாத்தே கிடக்காக. பயிற்சிப் பள்ளிக்காரங்க ஒரு லெட்டரை டைப் அடிச்சுக் குடுத்திருக்காங்க. தப்பு என்னுதுதான்னு. வர்ற வியாழக்கிழமை விசாரணை. அன்னைக்கு அதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவேன்னு நிக்காக. நாங்க சொல்லிக் கேக்கல."

"நான் உங்களை மாத்திச் சொல்லச் சொல்லி வரல" என்று உடனே சேர்த்துக்கொண்டாள். "பாத்ததை ஒரு தடவை உங்க வாயால கேக்கணும். கையெழுத்துப் போடுறதுன்னா அதைக் கேட்டுட்டு அவுக போடட்டும்."

பிச்சைக்கண்ணு சொன்னார். மேற்கேயிருந்து வந்தது, வடக்கே புகை, பனங்காடு, வளைவு, திரும்பி வந்தது, தெற்கே விசிறி நின்றது. வரிசை பிசகாமல் சொன்னார். முஃபீதா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, "நீங்க இடதுன்னோ வலதுன்னோ சொல்லவே இல்லையே?" என்றாள்.

"நான் எதுக்குத் தாயி அதைச் சொல்லுதேன்? ரைட்டர்தான் எழுதினாரு."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மடையோரத்தில் அவருடைய மண்வெட்டி கிடந்தது. "அண்ணாச்சி, அதை ரெண்டு தோள்லயும் குறுக்க வச்சுப் பிடிச்சுக்கிடுங்க, றெக்கை மாதிரி. புகை வந்த பக்கத்துல உங்க துண்டைக் கட்டுங்க. கட்டிட்டு விமானம் போன மாதிரியே நடங்க."

பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தார். மண்வெட்டியைப் பிடரிக்குக் குறுக்கே வைத்து இரண்டு கையையும் அதன்மேல் போட்டுக்கொண்டு, வடக்கு முனையில் துண்டைக் கட்டி, கரைமேல் கிழக்கே பார்த்து நடந்தார். பத்தடி போனதும் தெற்கே வளைந்து, மேற்கே பார்த்துத் திரும்பினார். இரண்டு எட்டு வைத்திருப்பார். நின்றுவிட்டார்.

துண்டு குளத்துப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

பிச்சைக்கண்ணு மண்வெட்டியை இறக்கிப் போட்டுவிட்டு அப்படியே கரையில் உட்கார்ந்தார். "ஏர்ல பூட்டின மாடு ரெண்டுல, வடக்க போன மாடு திரும்பி வரையில தெக்க வரும். சின்னப்பிள்ளைக்குத் தெரியும் இது. எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். புகைந்ததும் நின்றதும் ஒரே என்ஜின்தான். கெட்டதைத்தான் அந்தப் பையன் அணைத்திருக்கிறான். அவர் பார்த்ததில் ஒரு பிசகும் இல்லை, சொன்னதிலும் இல்லை. ஆனால் நடுவில் விமானம் திரும்பியதை அவர் மறந்தார், எழுதினவர் மறந்தார், வாசித்த ஊரே மறந்துபோனது. வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை. இருபத்திரண்டு வருஷப் பெருமையும் குளத்துச் சேற்றுக்குள் போய்ப் புதைந்தது.

"வாங்க. ஸ்டேஷனுக்குப் போவோம்" என்று எழுந்தார்.

காஜா முகைதீன் தயங்கினார். "நாங்க கூட வந்தா வேற மாதிரி நினைப்பாங்க அண்ணாச்சி."

அவர் சொன்னது சரிதான். பிச்சைக்கண்ணு மட்டும் மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். ஐயம்பெருமாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வாக்குமூலம்னா என்ன வே, தோசையா? நினைச்சா திருப்பிப் போடுறதுக்கு? ஒரு மாசமா ஊரெல்லாம் ஒரு கதை சொன்னீரு. இப்ப அந்த வீட்டு ஆட்கள் வந்து போயிருக்காங்க போல. ஆரஞ்சு வாசம் அடிக்கு."

வேறு நாளாக இருந்தால் பிச்சைக்கண்ணு பேசாமல் திரும்பியிருப்பார். போலீஸ் ஸ்டேஷன் என்றால் அவருக்கும் பயம்தான். அன்றைக்கு அந்தப் பயம் எங்கே போனதோ. "ஆமா, பழம் கொண்டு வந்தாவ. எம் பொண்டாட்டி உரிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கா. நான் ஒரு வார்த்தையும் மாத்தல ஐயா. புகை வடக்க, நின்னது தெக்க. இப்பவும் அதேதான். நீங்க எந்திரிச்சு வாங்க" என்றார்.

"எங்க?"

"வெளிய, முத்தத்துக்கு."

என்ன கூத்து என்று பார்க்கும் ஆசையில்தான் ஐயம்பெருமாள் எழுந்து வந்திருக்க வேண்டும். வேப்பமரத்தடியில் இரண்டு கான்ஸ்டபிள்கள் பார்த்துக்கொண்டிருக்க, பிச்சைக்கண்ணு மண்வெட்டியை ஐயம்பெருமாளின் பிடரியில் குறுக்காக வைத்தார். வடக்கு முனையில் துண்டைக் கட்டினார். "கிழக்க நடங்க. இப்பத் திரும்புங்க. மேக்க பாத்து வாங்க." ஒரு கான்ஸ்டபிள் சிரித்தான். ஐயம்பெருமாளும் சிரிக்கத்தான் போனார். திரும்பி வருகையில் கண் துண்டின் மேல் விழுந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. துண்டு இருந்த பக்கத்தைப் பார்த்தார், தெற்கே இருந்த ஸ்டேஷன் சுவரைப் பார்த்தார், மறுபடி துண்டைப் பார்த்தார்.

மண்வெட்டியைத் தானே இறக்கி வைத்தார். "நான் ஒரு விமானம்தானே வரைஞ்சேன்" என்றார் மெதுவாக. "போறதுக்கு ஒண்ணு, வாறதுக்கு ஒண்ணு, ரெண்டு வரைஞ்சிருக்கணும்."

பிறகு உள்ளே போய்ப் புதுத் தாளை எடுத்தார். இந்தத் தடவை வடக்கு தெற்கு என்றே எழுதினார். இரண்டு விமானம் வரைந்தார். ஆறு எங்கே இருக்கிறது என்றும் போட்டார். இன்ஸ்பெக்டரிடம் சொல்லி வியாழக்கிழமைக்குள் விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். "தப்பு என் பேர்ல எழுதியிருக்கேன், உம்ம பேர்ல இல்ல" என்றார். அந்த மனுஷனின் கையெழுத்து அன்றைக்குக் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு பிச்சைக்கண்ணு மேலப்பாளையம் போய்ச் சேர்ந்தார். சந்துக்குள் மூன்றாவது வீடு. உள்ளறையில் ஆதில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். காலில் மாவுக்கட்டு. மேசைமேல் அந்த டைப் அடித்த கடிதம், அதன்மேல் ஒரு பேனா. தண்ணீரிலிருந்து தூக்கிய அன்றைக்கு ரத்தத்தில் தெரியாத முகம் இப்போதுதான் தெரிந்தது. தாடி முளைத்த சின்னப் பையன்.

முஃபீதா காலையில் நடந்ததை ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவன் நம்பியிருக்கவில்லை. பிச்சைக்கண்ணு மறுபடி முழுக்கச் சொன்னார். அவன் திரும்பாமலே கேட்டான்.

"எல்லாரும் என்னைத் தேத்தத்தான் பாக்குதாங்க. நீங்களும் எனக்காகச் சொல்லுதீங்க அண்ணாச்சி."

"ஏலே, உனக்காகச் சொல்ல நான் யாருலே? ஒரு மாசமா டீக்கடையில உக்காந்து உன்னை வஞ்சவன் நான். படிச்ச படிப்பு அப்படின்னு பேசினவன். போயிக் கேட்டுப்பாரு, ஊரே சொல்லும்." சொல்லிவிட்டுக் கட்டில் பக்கம் ஒரு எட்டு வைத்தார். "அது தப்பு. அதை உங்கிட்டச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஆதில் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான். அவனிடம் இதுவரை வந்த யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிச்சைக்கண்ணு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "உனக்கு எதுவரைக்கும் ஞாபகம் இருக்கு?"

"புகை வந்தது. கார்த்திகேசன் 'சார், புகை'ன்னான்."

"அப்ப வெயில் எங்கன அடிச்சுது?"

ஆதில் யோசித்தான். "மூஞ்சியில. கண்ணு கூசுச்சு. கையை வச்சு மறைச்சேன்."

"காலையில எட்டரை மணி வெயில். மூஞ்சியில அடிச்சா நீ எங்க பாத்துப் போயிருக்க?"

"கிழக்க."

"கிழக்க பாத்துப் போனா வடக்கு எந்தக் கை?"

"இடது."

"அங்கனதான் புகை. நான் பாத்தேன். பெறவு நீ திரும்பிட்ட. வெயில் உன் முதுகுல. மேக்க பாத்து வார. தெக்க உள்ள விசிறி நிக்கி, அதையும் நான் பாத்தேன். சொல்லு, இப்பத் தெக்கு எந்தக் கை?"

ஆயிரம் மணி நேரம் விமானம் ஓட்டியவனுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. ஆனால் அவன் பதில் சொல்லாமல், போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்தான். இரண்டையும் முன்னால் நீட்டி மாறி மாறிப் பார்த்தான். பிறகு இடது கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினான்.

"இதுதான்" என்றான்.

வாசற்படியில் நின்ற காஜா முகைதீன் சத்தமாக இறைவனைப் புகழ்ந்தார். முஃபீதா காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போது வந்தது. அவள் மேசைமேல் இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை.

ஆதில் இன்னும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நான் மாத்தல. சரியான என்ஜினைத்தான் அணைச்சிருக்கேன்."

"சரியாத்தான் செஞ்சிருக்க."

"சரியாச் செஞ்சும் அவன் செத்துட்டானே அண்ணாச்சி."

மற்ற என்ஜின் ஏன் தூக்கவில்லை, யார் அதைப் பார்த்திருக்க வேண்டும், அதெல்லாம் டெல்லிக்காரர்கள் ஒரு வருஷம் கழித்துச் சொல்லப்போகிற விஷயம். ஒரு மாதமாகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு கிடந்தவனுக்கு அந்த வேலை இப்போது இல்லாமல் போனது. போன பிறகுதான் மற்றது வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, மாவுக்கட்டுக் கால் குலுங்க, கார்த்திகேசனுக்காக அவன் அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதான். "வண்டிக்குள்ள ஏறும்போது அம்மா குடுத்து விட்டாங்கன்னு ஒரு முறுக்கு தந்தான் அண்ணாச்சி. இறங்கித் திங்குதேன்னு சட்டைப் பையில போட்டேன்" என்றான்.

பிச்சைக்கண்ணு எழுந்து போகப் பார்த்தார். ஆதில் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். தண்ணீருக்குள்ளும் இப்படித்தான் பிடித்திருந்தான் என்பது அவருக்கு நினைவு வந்தது. கரைக்குக் கொண்டுவந்து போட்ட பிறகு அந்தப் பிடியை விரல் விரலாகப் பிரித்துவிட்டுத்தான் மற்றவனை எடுக்கப் போனார். இன்றைக்குப் பிரிக்கவில்லை.

மறு கையால் செல்போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "பொன்செல்வி, மூணாம் மடையில வடக்குப் பலகையை நீயே போயிப் போட்டுரு. நான் வர நேரமாகும். நாளைக்கும் இருக்க மாட்டேன், வள்ளியூர் வரைக்கும் போக வேண்டியிருக்கு. கார்த்திகேசனோட அப்பாவைப் பாத்து இதைச் சொல்லணும்" என்றார்.